மனக்கவலையும் அதன் பரிகாரமும்: பழவேற்காட்டுக் குப்பங்கள் காட்டும் வழி

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் லைட்ஹவுஸ் குப்பம் என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. அவ்வூராருக்கு நீரே வயல். ஆனால் அவ்வயலின் மகசூல் அவர்களுடைய உழைப்பை மாத்திரம் பொறுத்ததன்று. ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் கடல் நீரும், அதனோடு வரும் இறால் குஞ்சுகளும் உள்ளே புகுவது குறைந்துவிடும். படகுகள் கடலுக்குப் போய் வருவதும் கடினமாகும். ஸ்ரீஹரிக்கோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலில் தொழில் செய்யலாகாது. புயற்சின்னம் தோன்றினாலும் அப்படியே. நாளை என்ன ஆகுமோ என்ற ஏக்கம் இக்குப்பங்களில் ஆண்டு முழுவதும் குடியிருக்கிறது. மழை பொய்த்த ஏரிப்பாசனக் குடியானவரின் நிலையும் இதுவே. ஆகையால், பயிருக்கு வரும் நோயைக் கூறும் இப்பக்கங்களில், பயிரிடுவோர் மனத்துக்கு வரும் நோவைப் பற்றியும் சிறிது கூறுவது பொருத்தமாகும்.

விசாரம் என்பது மனத்தில் மாத்திரம் நிகழ்வதன்று. ஆபத்து என்று தோன்றிய மாத்திரத்தில் சிறுநீரகங்களின்மேல் உள்ள சுரப்பிகள் அட்ரினலின் முதலிய பொருள்களை இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு துரிதமாகிறது, பசி அடங்குகிறது. பாம்பைக் கண்டு விலகுவதற்கும், கவிழும் படகைச் சமாளிப்பதற்கும் இது பெரிய உபகாரம். கடன் தவணையோ பாம்பைப் போல் வந்து போய்விடுவதில்லை. மாதக்கணக்கில் வாசலிலேயே நிற்கிறது. கனடா தேசத்து மாண்ட்ரீல் நகரில் எலிகளை வைத்து ஆராய்ந்த ஹான்ஸ் செலி என்பவர், இடைவிடாத துன்பத்துக்கு உள்ளான உடல் முதலில் திடுக்கிட்டு, பிறகு தாங்கி நின்று, கடைசியில் சோர்ந்துவிடுகிறது என்று 1936-ல் வெளியிட்டார். குடியானவர்களுக்கு இது புதிதன்று. நடுப்பகலில் வாடிய கத்தரிச் செடி அந்தியில் தானே நிமிர்கிறது. பல நாள் ஈரமின்றி வாடிய செடி அந்தியிலும் நிமிராது. இன்னும் காலம் கடந்தால் நீர் பாய்ச்சியும் பிழைக்காது. மனிதரிடத்திலும் இவ்விரு வாட்டங்களையும் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு அடையாளங்கள் உண்டு. இரவு மூன்றாம் ஜாமத்தில் விழிப்புக் கொடுத்து அதன்பின் உறக்கம் வராதிருத்தல், அற்பக் காரணத்துக்கு மனைவி மக்களையும் மாடுகளையும் அடித்தல், வயலுக்கும் சந்தைக்கும் போகாதிருத்தல், புதிதாகக் குடிக்கத் தொடங்குதல், தன்னால் எல்லோருக்கும் பாரம் என்று பேசுதல் ஆகிய இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அலட்சியம் செய்யலாகாது. பயம் பெரும்பாலும் பயமாக வெளிப்படாது. ஆண்பிள்ளை பயப்படலாகாது என்று வளர்க்கப்பட்டவரிடம் அது கோபமாக வேஷம் போட்டு வரும். ஆகவே கோபத்துக்குக் கோபம் காட்டுவதைவிட, அதன் பின்னே இருக்கும் பயம் எது என்று கேட்பதே உசிதம். வீட்டுப் பெண்கள் இதை முதலில் அறிகிறார்கள். அவர்கள் சொல்லை யாரும் கேட்பதில்லை என்பதுதான் குறை.

பழவேற்காடு ஏரியில் சில குப்பத்தார் 'பாடு' என்ற முறையை நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். நல்ல மீன்பிடி இடங்களை ஒருவரே பிடித்துக் கொள்ளாமல், உரிமையுள்ள தலைக்கட்டுகள் முறைவைத்து மாறி மாறி வலையிடுவது இது. இம்முறையால் மீன் பெருகிவிடுவதில்லை; ஏரி குறுகுந்தோறும் பூசலும் உண்டாகிறது. ஆனாலும் தன் முறை எந்நாள் என்று அறிந்தவன் அந்நாள் வரும்வரை அயலானைச் சந்தேகித்து வயிறெரிய வேண்டியதில்லை. கிடைக்காத நாளின் நஷ்டமும் தனக்கு மட்டும் நேர்ந்த அவமானமாகத் தோன்றாது. ஏரிப்பாசனத்தில் முறை வைத்து நீர்க்கட்டி மடை திறக்கும் ஊர்களிலும் இதைக் காணலாம். முறை தெரியாத ஊரில் இரவெல்லாம் மடையைக் காத்துக் கிடப்பவர்களுக்குப் பயிரோடு உறக்கமும் போகிறது.

தனிமனிதரின் கடனுக்கும் இவ்வுபாயம் பயன்படும். யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன, தவணை எந்நாள் என்பதைக் காகிதத்தில் எழுதி, நம்பிக்கையான உறவினர் ஒருவருக்குக் காட்ட வேண்டும். எழுதாத கடன் இரவில் இருமடங்காகத் தோன்றும். மழையைப் போல் தம் கையில் இல்லாதவற்றையும், தவணை மாற்ற வங்கிக்கு மனுக் கொடுப்பது போல் கையில் உள்ளவற்றையும் பிரித்து, பின்னதில் ஒன்றை அன்றே செய்து முடிக்க வேண்டும். படபடப்பு ஏறும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டால் நெஞ்சின் வேகம் தணியும். சாராயம் உறக்கம் தருவது போல் காட்டி நடுநிசியில் அதைக் கெடுத்துவிடும்.

26-12-2004 அன்று ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையைத் தாக்கியபின், தொழில் கற்ற நாள் முதல் கடலுக்கு அஞ்சாதிருந்த மீனவர்களும் அலையோசை கேட்டு நடுங்கினர். பெங்களூர் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்தோர் கிராமத் தொண்டர்களுக்கு அப்போது பயிற்சி அளித்தனர். துயருற்றவர் தாமாகச் சொன்னால் பொறுமையாகக் கேட்பது, வற்புறுத்திக் கேளாதிருப்பது, உணவு இருப்பிடம் முதலியவற்றை முதலில் கவனிப்பது, குடும்பத்தோடும் வழக்கமான வேலையோடும் மீண்டும் சேர்ப்பது ஆகியவை இவ்வகை உதவியின் அடிப்படை. "போனது போகட்டும், தைரியமாயிரு" என்று உபதேசிப்பதில் பிரயோஜனம் சொற்பம்.

குடியானவர் வீட்டில் மீனவர் வீட்டிலில்லாத ஓர் ஆபத்து உண்டு. அது பூச்சி மருந்து. உயிரை மாய்த்துக் கொள்ளும் எண்ணம் பலருக்குச் சிறிது நேரமே உக்கிரமாக நிற்கும். அந்நேரத்தில் விஷம் கைக்கெட்டாதிருந்தால் பிழைத்து, பிறகு தேறுகிறவர்கள் அநேகர். இலங்கையில் கொடிய மருந்துகளை 1995-லும் எண்டோசல்பானை 1998-லும் தடுத்தபின், 2005-க்குள் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கடலூர் மாவட்டத்தில் சென்னை சினேகா அமைப்பினர் கிராமத்தாரின் மருந்துகளைப் பொதுப் பூட்டறையில் வைக்கும் ஏற்பாட்டை இரண்டு ஊர்களில் நடத்திப் பார்த்திருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கக் கிடங்குள்ள ஊர்களில் இதற்கு அதிகச் செலவாகாது. அதுவரையில், தேவைக்கு மேல் மருந்து வாங்காமலும், வாங்கியதை வீட்டுக்கு வெளியே பூட்டி, சாவியை வேறொருவரிடம் வைத்தும் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார் என்று 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது. ஆதலால் வழக்குக்கு அஞ்சி மறைக்காமல், கிராம அதிகாரிகள் அவரை உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கவலை முற்றுமுன்பே யோசனை கேட்க விரும்புவோர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை விதைக் கிடங்கு, ரேஷன் கடை, பால் சங்கம் ஆகிய இடங்களின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.