மறந்துபோன கடவுச்சொல்

மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்திருந்த சமயம். எங்கள் தெருவில் வசிக்கும் மாணவர் ஒருவர் பதற்றத்தோடு என்னைத் தேடி வந்தார். கல்லூரி விண்ணப்பம் பற்றிய முக்கியமான கடிதம் ஒன்று அவருடைய மின்னஞ்சலுக்கு வந்திருந்தது. அதைத் திறக்கக் கடவுச்சொல் நினைவில் இல்லை.

"சார், மின்னஞ்சல் நடத்துகிற கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் பழைய பாஸ்வேர்டைச் சொல்லிவிட மாட்டார்களா?" என்று கேட்டார்.

"அவர்களால் சொல்ல முடியாது தம்பி. உன் பாஸ்வேர்டு என்னவென்று அவர்களுக்கே தெரியாது" என்றேன்.

அவர் நம்பவில்லை. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு, நாம் தட்டுவது சரியா தவறா என்று அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? நியாயமான கேள்விதான். இதற்கு விடை கண்டுவிட்டால், கடவுச்சொல்லை மீட்பது, மாற்றுவது, காப்பது ஆகிய மூன்றும் தாமாகவே விளங்கிவிடும்.

அம்பலமான பட்டியல்

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே பெரிய கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் ஏற்பாடு உருவாயிற்று. ஒருவருடைய கோப்புகளை மற்றவர் பார்க்காதிருக்க, ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் கொடுத்தார்கள். எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரு பட்டியலாகக் கணிப்பொறிக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டிருந்தன.

1966இல் ஒரு விபரீதம் நேர்ந்தது. நிர்வாகி ஒருவர் இந்தப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர், உள்ளே நுழைவோருக்குக் காட்டும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார. மென்பொருள் பிழையால் இரண்டு கோப்புகளும் இடம் மாறிவிட்டன. அதன் பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும், அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அனைவருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன!

திருடன் யாரும் வரவில்லை. பூட்டு எதுவும் உடையவில்லை. எனினும் இரகசியம் அனைத்தும் வெளியாயிற்று. படிக்கக்கூடிய பட்டியல் ஒன்று இருக்கும் வரை, அது என்றாவது ஒருநாள் வெளியே வரக்கூடும். அப்படியானால் பட்டியலே இல்லாமல் கடவுச்சொல்லைச் சரிபார்க்க வழியுண்டா?

திரும்ப முடியாத கணக்கு

அரிசியும் உளுந்தும் அரைத்தால் இட்லி மாவு கிடைக்கும். அந்த மாவைக் கொடுத்து, பழையபடி அரிசியையும் உளுந்தையும் தா என்றால் முடியுமா? இதைப் போலவே, ஒரு திசையில் எளிதாகவும் மறுதிசையில் மிகக் கடினமாகவும் உள்ள கணக்குகள் உண்டு.

ஒரு சிறு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உங்கள் இரகசிய எண் 4567 என்று வைத்துக்கொள்வோம். அதன் வர்க்கம் 2,08,57,489. இந்த எட்டு இலக்கங்களில் நடுவிலுள்ள நான்கை மட்டும் எடுங்கள்: 8574. பதிவேட்டில் 8574 என்பதை மட்டும் எழுதிக்கொண்டு, 4567ஐ மறந்துவிடலாம். அடுத்த முறை நீங்கள் வந்து 4567 என்று சொன்னால், மீண்டும் அதே கணக்கைப் போட்டு, 8574 வருகிறதா என்று பார்த்தால் போதும். பதிவேட்டைத் திருடியவனுக்கோ 8574தான் கிடைக்கும். அதிலிருந்து பின்னோக்கிச் செல்ல நேரான சூத்திரம் இல்லை. ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

நமது கணக்கு விளையாட்டுக் கணக்கு. பத்தாயிரம் எண்களையும் கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் சோதித்துவிடும். ஆனால் உண்மையில் பயன்படும் கணக்குகள் பன்மடங்கு சிக்கலானவை. கடவுச்சொல்லில் ஓர் எழுத்தை மாற்றினாலும் விடை முற்றிலும் வேறாகிவிடும். இவ்வாறு கிடைக்கும் விடையை ஹாஷ் என்கிறார்கள். ஒழுங்காக நடத்தப்படும் மின்னஞ்சல் நிறுவனத்திடம் இருப்பது உங்கள் ஹாஷ் மட்டுமே. அதனால்தான் "கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?" என்ற பொத்தானை அழுத்தினால், பழையதைச் சொல்லாமல் புதியதை அமைக்கச் சொல்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு சோதனையும் கிடைக்கிறது. ஏதேனும் ஒரு வலைத்தளம், நீங்கள் மறந்துவிட்ட பழைய கடவுச்சொல்லை அப்படியே எழுதி அனுப்பினால், அது இன்னமும் 1966ஆம் ஆண்டுப் பட்டியலைப் போல எதையோ வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே பயன்படுத்திய கடவுச்சொல்லை வேறெங்கும் பயன்படுத்தாதீர்கள்.

மாவுக்கு உப்பு

ஒரு சிக்கல் உண்டு. ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தால் இருவருக்கும் ஒரே ஹாஷ்தானே வரும்? ஒருவருடையதைக் கண்டுபிடித்தால் மற்றவருடையதும் அகப்பட்டுவிடும். இதைத் தவிர்க்க, ஒவ்வொருவருடைய கடவுச்சொல்லோடும் வெவ்வேறு எண் ஒன்றைச் சேர்த்து அரைக்கிறார்கள். அந்த எண்ணுக்கு உப்பு என்றே பெயர்! மாவு ஒன்றானாலும் உப்பு வேறானால் சுவை வேறாகும் அல்லவா? திருடன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பாடுபட வேண்டும்.

பெல் ஆய்வுக் கூடத்தைச் சேர்ந்த இராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவர் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த முறையை விளக்கினார்கள். வேறொன்றும் செய்தார்கள். மக்கள் தாமாகத் தேர்ந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். ஓரெழுத்து, ஈரெழுத்துக் கடவுச்சொற்கள்கூட இருந்தன. அகராதிச் சொற்களும் பெயர்களும் ஏராளம். மொத்தம் 2,831 கடவுச்சொற்கள், அதாவது 86 விழுக்காடு, எளிதில் அகப்படக்கூடியவை.

1988ஆம் ஆண்டு நவம்பரில், தானே பரவும் நிரல் ஒன்று அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளைத் திணற அடித்தது. அது கையாண்ட வழிகளுள் ஒன்று, 432 சொற்கள் கொண்ட பட்டியலை வைத்துக் கடவுச்சொற்களை ஊகிப்பது. அந்த நிரலை எழுதிய மாணவர், மேலே சொன்ன மோரிஸின் மகன்!

ஆண்டுகள் சென்றும் பழக்கம் மாறவில்லை. 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் களவு போயின. படிக்கக்கூடிய வடிவிலேயே வைத்திருந்தார்கள். அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது எது தெரியுமா? 123456.

எண்ணிப் பார்ப்போம்

ஹாஷ் பட்டியலைத் திருடியவன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றோம். நொடிக்கு 100 கோடி முறை முயலும் கருவி அவனிடம் இருப்பதாகக் கொள்வோம். எளிய ஹாஷ் முறைகளுக்கு இது மிகையான எண்ணன்று. எல்லா வகைகளையும் முயன்று முடிக்க எவ்வளவு நேரமாகும்?

ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26. ஆறெழுத்துக் கடவுச்சொல் என்றால் 26ஐ ஆறு முறை பெருக்க வேண்டும். கிடைப்பது 30,89,15,776. ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

எட்டெழுத்து என்றால் ஏறத்தாழ 20,882 கோடி. மூன்றரை நிமிடம்.

எட்டு இடங்களிலும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு எனத் தட்டச்சுப் பலகையின் 94 குறிகளையும் கலந்தால் ஏறத்தாழ 70 நாட்கள்.

சிறிய எழுத்துகளே 12 என்றால் 3 ஆண்டுகள். 16 என்றால் ஏறத்தாழ 13 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகள்!

பார்த்தீர்களா? குறியீடுகளைக் கலப்பதைவிட நீளத்தைக் கூட்டுவதே மிகுந்த பயன் தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை. எழுத்துகள் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்தால், நீளம் இருந்தும் பயனில்லை. திருடன் முதலில் முயல்வதே அதைத்தான்.

குருட்டாம்போக்கான 16 எழுத்தை யார் நினைவில் வைத்திருப்பது? அதற்கும் வழியுண்டு. பத்தாயிரம் சொற்கள் கொண்ட ஓர் அகராதியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடங்களில் விரலை வையுங்கள். மூங்கில், தபால், நெல்லி, ஏணி, குடை என்று வந்ததாகக் கொள்வோம். இப்படி அமையக்கூடிய தொடர்களின் எண்ணிக்கை 10,000ஐ ஐந்து முறை பெருக்கக் கிடைப்பது. அதாவது 1 என்ற எண்ணுக்குப் பின் 20 சுழியங்கள். நமது திருடனுக்கு 3,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மூங்கில் ஏணியில் ஏறி, குடையை விரித்துக்கொண்டு, தபால்காரர் நெல்லிக்காய் பறிப்பதாக ஒரு படத்தை மனத்தில் வரைந்துகொண்டால் மறக்கவே மறக்காது. இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டினால் ஆயிற்று. இங்கே அச்சானதை மட்டும் பயன்படுத்தாதீர்கள். உங்கள் விரல் தொட்ட சொற்களே உங்களுக்கு!

வாசலைப் பூட்டி, கொல்லையைத் திறந்து

பலமான கடவுச்சொல் வைத்தாயிற்று. ஆனால் அது மறந்துபோனால் உள்ளே செல்ல வேறொரு வழி வேண்டுமே? அதுதான் மீட்பு வழி. வாசல் கதவை எவ்வளவு பலமாகப் பூட்டினாலும், கொல்லைக் கதவு திறந்திருந்தால் என்ன பயன்?

2008ஆம் ஆண்டு செப்டம்பரில், அமெரிக்கத் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட சாரா பாலின் அம்மையாரின் மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் நுழைந்துவிட்டார். அவர் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கவேயில்லை. மறந்துவிட்டதாகச் சொன்னார். மின்னஞ்சல் நிறுவனம் கேள்விகள் கேட்டது. பிறந்த தேதி என்ன? அஞ்சல் குறியீடு என்ன? கணவரை முதலில் எங்கே சந்தித்தீர்கள்? புகழ்பெற்றவர் ஆதலால் எல்லாவற்றுக்கும் விடை வலைத்தளங்களிலேயே கிடைத்தது. பழைய கடவுச்சொல் போய்ப் புதியது வந்துவிட்டது. அந்த மாணவருக்கு 2010இல் சிறைத் தண்டனை கிடைத்தது. உங்கள் பள்ளியின் பெயரும், செல்ல நாயின் பெயரும் நண்பர்கள் அனைவருக்கும் தெரியும் அல்லவா? அத்தகைய கேள்விகளுக்கு உண்மையான விடை தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் மட்டும் அறிந்த ஒன்றை எழுதிக்கொள்ளலாம்.

மின்னஞ்சலுக்கு இன்னொரு தனிச் சிறப்பு உண்டு. மற்றத் தளங்களின் கடவுச்சொல் மறந்தால், புதியதை அமைக்கும் இணைப்பு மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது. ஆகவே மின்னஞ்சல் என்பது சாவிக்கொத்து தொங்கும் ஆணி. அதன் கடவுச்சொல்லை வேறு எந்தத் தளத்திலும் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது பூட்டாக இரட்டைச் சரிபார்ப்பைப் போடலாம். இதற்கென உள்ள செயலியும் நிறுவனமும் ஓர் இரகசிய எண்ணைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த எண்ணையும் கடிகார நேரத்தையும் சேர்த்து இருவரும் ஒரே கணக்கைப் போடுகிறார்கள். பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை புதிய ஆறிலக்க எண் பிறக்கிறது. கடவுச்சொல் களவு போனாலும் இந்த எண் இல்லாமல் நுழைய முடியாது. அதனால்தான் ஏமாற்றுக்காரர்கள் தொலைபேசியில் அழைத்து, "ஓ.டி.பி. சொல்லுங்கள்" என்கிறார்கள். நீங்களே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் எந்தக் கணிதமும் காப்பாற்றாது.

எப்போது மாற்றுவது?

மாதந்தோறும் மாற்ற வேண்டும் என்று பலர் சொல்வதுண்டு. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் இறுதியிலுள்ள 1ஐ 2 ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். ஆகவே அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2017இல், காரணமின்றிக் காலமுறைப்படி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று தன் வழிகாட்டுதலைத் திருத்திக்கொண்டது. வேறொருவருக்குத் தெரிந்துவிட்டது என்ற ஐயம் எழுந்தால், அந்தக் கணமே மாற்ற வேண்டும். மாற்றியதும், மற்றக் கருவிகளில் திறந்துள்ள கணக்கை மூடுங்கள். மீட்பு எண்ணும், கடிதங்கள் வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றனவா என்பதும் பார்க்கத்தக்கவை. பணம் களவு போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

அந்த மாணவர்

அவருடைய கணக்கை மீட்க மூன்று மணி நேரம் முயன்றோம். மீட்பு எண் எது என்று பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பிரவுசிங் சென்டரில் அந்தக் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவர், தம்முடைய கைப்பேசி எண்ணையே கொடுத்திருந்தார். அந்தக் கடை மூடப்பட்டு, எண்ணும் பயன்பாட்டில் இல்லை. கணக்கு கிடைக்கவேயில்லை. புதிய கணக்கு தொடங்கி, சான்றிதழ்களோடு நேரில் சென்று, விண்ணப்பத்தில் முகவரியை மாற்றிக்கொண்டு வந்தார். கடைசித் தேதிக்கு ஒரு நாள் மீதமிருந்தது.

மாணவர்களே! சாவி தொலைந்த பிறகு மாற்றுச் சாவி செய்ய முடியாது. இன்றே உங்கள் மின்னஞ்சலின் பாதுகாப்புப் பகுதியைத் திறந்து பாருங்கள். அதிலுள்ள மீட்பு எண் உங்கள் வீட்டாருடையதுதானா? இப்போதும் வேலை செய்கிறதா? கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடலாம் என்பதை மறவாதீர்கள். அவசரத்துக்கு உதவும் மாற்றுக் குறியீட்டு எண்களைத் தந்தால், ஒரு தாளில் எழுதி உங்கள் மதிப்பெண் சான்றிதழ்களோடு வையுங்கள். பத்து நிமிட வேலைதான்.

செய்து பாருங்கள்: நடு நான்கு இலக்கங்களாக 8574 தரும் எண் 4567 ஒன்றுதானா, வேறும் உண்டா? தாளும் பென்சிலும் கொண்டு தேடத் தொடங்குங்கள். எத்தனை நேரத்தில் சலிப்புத் தட்டுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சலிப்புதான் உங்கள் கடவுச்சொல்லின் காவலன்!