குரோமேட்டு இல்லா வானூர்தி அரிமானத் தடுப்புப் பூச்சுகள்

குரோமேட்டு இல்லா அரிமானத் தடுப்புப் பூச்சுகள் என்பவை, வானூர்தி உலோகங்களை அரிமானத்திலிருந்து காக்க, நச்சுத்தன்மை கொண்ட குரோமேட்டு உப்புகளுக்கு மாற்றாகப் பயன்படுத்தப்படும் மேற்பரப்புப் பூச்சுகள் ஆகும். பொதுவாக வானூர்தி உலோகத்தின் மீது மூன்று அடுக்குகள் அமைகின்றன: உலோகத்தோடு ஒட்டிய வேதிப்படலம், அதன் மேல் முதற்பூச்சு (பிரைமர்), வெளியே நிறப்பூச்சு. குரோமேட்டு முதல் இரண்டு அடுக்குகளிலும் இடம்பெற்று வந்தது.

அரிமானம் ஏற்படும் விதம்

தூய அலுமினியத்தின் மீது இயல்பாகவே உருவாகும் ஆக்சைடுப் படலம் அதைக் காக்கிறது. ஆனால் வானூர்திகளில் பயன்படும் 2024 வகை உலோகக்கலவையில் வலிமைக்காக ஏறத்தாழ 4 விழுக்காடு செம்பு சேர்க்கப்படுகிறது. செம்பு மிகுந்த நுண்துகள்கள் ஈரமும் உப்பும் படும்போது எதிர்மின் முனையாகச் செயல்படுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள அலுமினியம் கரைந்து சிறு குழிகள் தோன்றுகின்றன. இக்குழிகளிலிருந்து விரிசல்கள் தொடங்கக்கூடும். 1988 ஏப்ரல் 28 அன்று அவாய் தீவுகளுக்கு மேல் பறந்த அலோகா ஏர்லைன்சு நிறுவனத்தின் போயிங் 737 வானூர்தியின் மேற்கூரைப் பகுதி பிய்ந்து, பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகளின் இணைப்பு அரிமானத்தால் விடுபட்டதும், உலோகச் சோர்வும் அதற்குக் காரணங்களாயின.

குரோமேட்டின் சிறப்பும் தீங்கும்

குரோமேட்டு நீரில் சிறிதளவே கரையும். பூச்சில் கீறல் விழுந்தால், அது ஈரத்தின் வழியே கீறலுக்குச் சென்று, மூவிணைதிறக் குரோமியமாக மாறி, கரையாத படலமாகப் படிகிறது. தானே ஆறும் இப்பண்பே அதன் தனிச்சிறப்பு. எனினும் குரோமேட்டில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதற்பிரிவுப் பொருட்களில் சேர்த்துள்ளது. பயணிகளைவிடப் பூச்சுத் தெளிக்கும் தொழிலாளர்களும், பழைய பூச்சைத் தேய்த்து அகற்றுவோருமே இதனால் பாதிக்கப்படுகின்றனர். அமெரிக்கா 2006ஆம் ஆண்டில் பணியிடக் காற்றில் இதன் அளவை ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என வரையறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 சனவரிக்குப் பின் இசுட்ரான்சியம் குரோமேட்டைப் பயன்படுத்தச் சிறப்பு அனுமதி தேவைப்படுகிறது.

மாற்று முறைகள்

மூவிணைதிறக் குரோமியப் படலம்: அமெரிக்கக் கடற்படை உருவாக்கிய இம்முறையில், சிர்க்கோனியமும் நச்சுத்தன்மை மிகக் குறைந்த மூவிணைதிறக் குரோமியமும் சேர்ந்து படலமாகின்றன.

அமில நேர்மின்முனையேற்றம்: 1923இல் காப்புரிமை பெற்ற குரோமிக் அமில முறைக்கு மாற்றாக, போரிக்-கந்தக அமிலக் கலவையும் டார்டாரிக்-கந்தக அமிலக் கலவையும் பயன்படுகின்றன.

கூழ்மப் படலம்: சிர்க்கோனியமும் சிலேனும் கொண்ட மெல்லிய படலம் உலோகத்தையும் பூச்சையும் இறுகப் பிணைக்கிறது. ஆனால் தானாக அரிமானத்தைத் தடுக்கும் ஆற்றல் இதற்குக் குறைவு.

மக்னீசியம் மிகுந்த முதற்பூச்சு: அலுமினியத்தைவிட வினைத்திறன் மிக்க மக்னீசியம் தான் கரைந்து அலுமினியத்தைக் காக்கிறது. இரும்புத் தகட்டைத் துத்தநாகம் காப்பதும் இவ்வாறே.

இலித்தியம், அருமண் உப்புகள்: இலித்தியம் கீறலுக்குள் கசிந்து அலுமினியத்துடன் சேர்ந்து காப்புப் படலம் அமைக்கிறது. சீரியம், பிரசியோடைமியம் ஆகியவற்றின் சேர்மங்களும் பயன்படுகின்றன.

நடைமுறைச் சிக்கல்கள்

குரோமேட்டுப் படலம் பொன்மஞ்சள் நிறமுடையது. விடுபட்ட இடம் கண்ணுக்கு உடனே தெரியும். மூவிணைதிறக் குரோமியப் படலமோ பெரும்பாலும் நிறமற்றது என்பதால் ஆய்வு கடினமாகிறது. உப்புத்தூவல் சோதனையில் ஆயிரக்கணக்கான மணிநேரம் தாங்கும் பூச்சும், பல ஆண்டுகள் பறக்கும் வானூர்தியில் அவ்வாறே தாங்கும் என்று உறுதியாகக் கூற இயலாது. எனவே ஒவ்வொரு மாற்றும் பகுதி பகுதியாகவே ஏற்கப்படுகிறது. புதிய வானூர்திகளில் குரோமேட்டு குறைந்தாலும், பழைய வானூர்திகளின் பூச்சை அகற்றும் பணி நீடிக்கும் வரை, முகக்கவசமும் தூசி உறிஞ்சும் கருவியும் அங்கு இன்றியமையாதவை.