அக்கேசியா பேரினப் பிரிப்பு

அக்கேசியா பேரினப் பிரிப்பு என்பது, முன்னர் அக்கேசியா என்னும் ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த 1,300-க்கும் மேற்பட்ட தாவர இனங்களை, அவற்றின் மரபுவழி உறவின் அடிப்படையில் பல பேரினங்களாகப் பிரித்த வகைப்பாட்டு மாற்றம் ஆகும். இம்மாற்றத்தால், அப்பெயருக்கு முதலில் உரியதாக இருந்த கருவேல மரம் அக்கேசியா பேரினத்தில் இருந்து நீங்கியது. அப்பெயர் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவில் வளரும் மரங்களுக்கு உரியதாயிற்று. 2005 ஆம் ஆண்டு வியன்னாவிலும் 2011 ஆம் ஆண்டு மெல்பர்னிலும் நடைபெற்ற பன்னாட்டுத் தாவரவியல் மாநாடுகளில் இது கடும் விவாதத்துக்கு உள்ளானது.

பெயரின் வரலாறு

கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க மருத்துவர் தியோசுகோரிடீசு, எகிப்தில் வளர்ந்த முள் மரம் ஒன்றை 'அக்காக்கியா' எனக் குறிப்பிட்டுள்ளார். கூர்முனையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து இப்பெயர் தோன்றியதாகக் கருதப்படுகிறது. அம்மரம் கருவேலமே ஆகும். 1753 இல் கரோலசு லின்னேயசு இம்மரத்தை மைமோசா என்னும் பேரினத்தில் சேர்த்திருந்தார். 1754 இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிலிப் மில்லர் அக்கேசியாவைத் தனிப் பேரினமாக வெளியிட்டார்.

19 ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பெந்தம் என்பவர், ஒன்றோடொன்று இணையாத ஏராளமான மகரந்தத் தாள்களைக் கொண்ட மரங்களை எல்லாம் இப்பேரினத்தின் கீழ்க் கொண்டுவந்தார். பூவை மட்டும் பார்த்தால் இது பொருத்தமான முடிவே. மஞ்சள் அல்லது வெண்ணிறப் பூம்பந்துகளும் பூங்கதிர்களும் இம்மரங்கள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே தோற்றம் உடையவை.

உருவ வேறுபாடுகள்

பூவில் ஒற்றுமை இருந்தாலும், முள்ளிலும் இலையிலும் தெளிவான வேறுபாடுகள் உள்ளன.

- வாச்செல்லியா: கருவேலம், வெள்வேல், குடைவேல் ஆகியவை இதில் அடங்கும். இலையடிச் செதில்கள் இரண்டும் முட்களாக மாறியிருப்பதால், முட்கள் இரண்டிரண்டாகக் காணப்படும்.
- செனகாலியா: சீகைக்காய், காசுக்கட்டி மரம், ஆப்பிரிக்காவில் அரபுப் பிசின் தரும் மரம் ஆகியவை இதில் அடங்கும். இவற்றின் முட்கள் இலையடிச் செதில்களில் இருந்து தோன்றுபவை அல்ல. பெரும்பாலும் கொக்கி போல் வளைந்திருக்கும்.
- அக்கேசியா (இன்றைய பொருளில்): சுமார் 1,000 இனங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் முள் இல்லை. பல இனங்களில் இலைக்காம்பே தட்டையாக விரிந்து இலையின் பணியைச் செய்கிறது. இத்தகைய இனங்களின் நாற்றுகளில் முதலில் கருவேல இலை போன்ற கூட்டிலைகள் தோன்றி, பின்னர் மறைவதைக் காணலாம்.

இவை தவிர, அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்த சிறிய குழுக்கள் அக்கேசியெல்லா, மரியோசூசா முதலிய தனிப் பேரினங்களாகக் கொள்ளப்படுகின்றன.

டி.என்.ஏ. ஆய்வுகள்

ஒரு பேரினம் என்பது, ஒரே மூதாதையையும் அதன் வழிவந்த எல்லா இனங்களையும் உள்ளடக்கிய கூட்டமாக இருத்தல் வேண்டும் என்பது இன்றைய வகைப்பாட்டியலின் கொள்கை. 1986 ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியத் தாவரவியலாளர் லெசு பெட்லி, அக்கேசியாவை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என முன்மொழிந்தார். அப்போது அது பரவலாக ஏற்கப்படவில்லை.

1990-களின் இறுதியில் இருந்து பசுங்கணிகத்தின் டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வுகள், பழைய அக்கேசியா ஒரு மூதாதை வழிவந்த கூட்டம் அன்று எனக் காட்டின. ஆஸ்திரேலிய மரங்கள் கருவேலத்தைவிட, வாகையும் தூங்குமூஞ்சி மரமும் அடங்கிய கூட்டத்துக்கே நெருங்கிய உறவுடையவை. எனவே பழைய பேரினத்தை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமானால் வாகையையும் அதனுள் சேர்க்க வேண்டியிருக்கும். பிரிப்பதே பொருத்தமான வழியாயிற்று.

பெயர் யாருக்கு?

ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு குறிப்பிட்ட இனத்துடன் பிணைக்கப்பட்டுள்ளது. அது வகைமாதிரி எனப்படும். பேரினம் பிரிக்கப்படும்போது, வகைமாதிரி எந்தப் பகுதியில் உள்ளதோ அப்பகுதியே பழைய பெயரைப் பெறும். அக்கேசியாவின் வகைமாதிரி கருவேலம். ஆகவே, விதிப்படி கருவேலமும் அதன் உறவினங்களும் அக்கேசியாவாகத் தொடர்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலிய மரங்கள் ராக்கோசுபெர்மா என்னும் பெயரைப் பெற்றிருக்கும்.

2003 இல் ஆர்ச்சர்டு, மாசுலின் ஆகிய ஆஸ்திரேலியத் தாவரவியலாளர்கள், வகைமாதிரியையே மாற்றி, அக்கேசியா பென்னிநெர்விசு என்னும் ஆஸ்திரேலிய இனத்தை அவ்விடத்தில் வைக்க முன்மொழிந்தனர். சுமார் 1,000 இனங்களின் பெயரை மாற்றுவதைவிட, சுமார் 160 இனங்களின் பெயரை மாற்றுவது குறைந்த குழப்பம் தரும் என்பது அவர்களின் வாதம். அக்கேசியா பிக்னாந்தா ஆஸ்திரேலியாவின் தேசிய மலராகவும் இருந்தது. எதிர்த்தவர்கள், ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் இம்மரங்களோடு வாழும் மக்கள் தொகையைச் சுட்டிக்காட்டினர். இனங்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு முடிவு செய்வது முறையன்று என்றும் கூறினர்.

வியன்னா மாநாட்டில் சுமார் 55 விழுக்காட்டு வாக்குகள் இம்மாற்றத்துக்கு எதிராக விழுந்தன. எனினும், குழுவின் பரிந்துரையைத் தள்ளுவதற்கு 60 விழுக்காடு தேவை என்று கொள்ளப்பட்டதால் மாற்றம் நிறைவேறியது. பெரும்பான்மையினர் எதிர்த்தும் முடிவு நின்றதால், நடைமுறை குறித்த விவாதம் ஆறு ஆண்டுகள் தொடர்ந்தது. 2011 இல் மெல்பர்ன் மாநாடு அம்முடிவை உறுதி செய்தது. முள்ளைக் குறித்துத் தோன்றிய பெயர், பெரும்பாலும் முள்ளற்ற மரங்களுக்கு நிலைத்தது.

வாச்செல்லியா என்னும் பெயருக்குத் தென்னிந்தியத் தொடர்பு உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய இராபர்ட் வைட், வாக்கர்-ஆர்னாட் ஆகியோர் தீபகற்ப இந்தியத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூலில் 1834 இல் இப்பெயரை வெளியிட்டனர். சீனாவில் தாவரங்களைச் சேகரித்த வாச்செல் என்னும் பாதிரியாரின் நினைவாக இது இடப்பட்டது.

சூழலியல் முக்கியத்துவம்

நெருங்கிய உறவுடைய தாவரங்களைப் பெரும்பாலும் ஒரே வகைப் பூச்சிகளே உண்ணும். எனவே உறவுமுறையை அறிவது நடைமுறையிலும் பயன்படுகிறது. இந்தியாவில் இருந்து கொண்டுசெல்லப்பட்ட கருவேலம், ஆஸ்திரேலியாவின் குவீன்சுலாந்துப் புல்வெளிகளில் பரவி, தேசிய அளவில் கவனிக்கப்படும் களையாகிவிட்டது. இதைக் கட்டுப்படுத்தும் பூச்சிகளைத் தேடி, கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்தின் துணையுடன் தமிழ்நாட்டிலும் ஆய்வுகள் நடைபெற்றன. அத்தகைய பூச்சி ஒன்றை விடுவிக்கும் முன், அது உள்நாட்டு மரங்களைத் தாக்காது என உறுதி செய்ய வேண்டும். எந்த மரங்களை முதலில் சோதிப்பது என்பதை உறவு வரிசையே தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கே உரிய சில வாச்செல்லியா இனங்கள் இருப்பதால் இச்சோதனை இன்றியமையாதது.

இதற்கு மறுதலையாக, 19 ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவில் இருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட அக்கேசியா மியர்ன்சியை முதலிய மரங்கள், சோலைக் காடுகளை ஒட்டிய மலைப் புல்வெளிகளை ஆக்கிரமித்துள்ளன. இன்றைய வகைப்பாட்டின்படி, நீலகிரியில் அயலிடத்தில் இருந்து வந்த இம்மரங்களே அக்கேசியா ஆகும். சமவெளியில் இயல்பாக வளரும் கருவேலம் அக்கேசியா அன்று.

பழைய நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இரு பெயர்களையும் அறிந்திருத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, கென்யாவில் எறும்புகளுக்கு முட்களில் இடம் தரும் மரத்தைப் பற்றி 2008 இல் ஓர் ஆய்வு வெளியானது. யானை, ஒட்டகச்சிவிங்கி போன்ற பெரிய தாவர உண்ணிகளை வேலியிட்டுப் பத்தாண்டுகள் தடுத்தபோது, மரம் எறும்புகளுக்குத் தரும் தேனையும் வீங்கிய முட்களையும் குறைத்துக்கொண்டது. காவல் எறும்புகள் தளர்ந்து, மரத்தின் வளர்ச்சியும் குன்றியது. அக்கட்டுரை அம்மரத்தை அக்கேசியா திரெபனோலோபியம் என்கிறது. இன்று அது வாச்செல்லியா திரெபனோலோபியம் ஆகும்.

நாட்டுவழக்குப் பெயர்கள்

நாட்டுவழக்குப் பெயர்களும் உறவை எப்போதும் காட்டுவதில்லை. நீலகிரியில் ஆஸ்திரேலிய மரங்கள் 'சீகை' எனப்படுகின்றன. அவை சீகைக்காய்க் கொடியின் பேரினத்தைச் சேர்ந்தவை அல்ல. சீமைக்கருவேலமும் கருவேலம் அன்று. அது வன்னி மரத்துடன் புரோசோபிசு பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2022 இல் அப்பேரினமும் பிரிக்கப்பட்டு, சீமைக்கருவேலம் நெல்டூமா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அங்கு வகைமாதிரி மாற்றப்படவில்லை. ஆகவே புரோசோபிசு என்னும் பழைய பெயர் வன்னிக்கே நிலைத்தது.