தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் நம் தோளையும் கையையும் கழுத்தையும் அளந்து குறித்துக்கொள்கிறார். துப்பாக்கிக்கும் இப்படி அளவெடுக்க வேண்டும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

கல்லூரி நாட்களில் நான் தேசிய மாணவர் படையில் இருந்தேன். குடிகாட்டிலிருந்து என்னோடு வந்த நண்பன் என்னைவிட ஒரு சாண் குள்ளம். பயிற்சிக்கு இருவருக்கும் ஒரே ரைஃபிள்தான். அவன் சுட்ட குண்டுகள் அட்டையெங்கும் சிதறின. “உனக்குக் கை நடுங்குகிறது” என்று சொல்லி அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். குறை அவன் கையில்தான் இருந்ததா? இயற்பியலைக் கேட்டுப் பார்ப்போம்.

துப்பாக்கியின் குழலைத் தாங்கி, தோளில் பொருந்தும் பகுதியே கட்டை. விசையிலிருந்து கட்டையின் அடிவரை உள்ள நீளம் முதல் அளவு. பெரியவர்களுக்கான ஷாட்கன்னில் இது சுமார் 36 செ.மீ. இருக்கும். குள்ளமானவருக்கு இது அதிகம். அவர் இடக்கையை மேலும் நீட்டித் துப்பாக்கியைத் தாங்க நேரிடும். சுமை தோளிலிருந்து விலக விலகத் திருப்புத்திறன் கூடும் அல்லவா? தசைகள் விரைவில் களைக்கும். களைத்த தசை நடுங்கும். கட்டை மிகக் குட்டையாக இருந்தாலும் தொல்லைதான். சுட்டவுடன் கட்டைவிரல் வந்து மூக்கில் இடிக்கும்!

இரண்டாவது, கன்னம் படியும் மேல்விளிம்பின் உயரம். ஷாட்கன்னின் முன்முனையில் ஒரு சிறு மணி இருக்கும். பின்குறி பெரும்பாலும் இராது. சுடுபவரின் கண்ணே பின்குறி. கண்ணுக்கும் மணிக்கும் இடைவெளி 1 மீட்டர், இலக்கு 30 மீட்டர் தொலைவில் என்று கொள்வோம். கட்டை உயர்ந்திருப்பதால் கண் 3 மி.மீ. மேலே நின்றால், வடிவொத்த முக்கோணங்களின்படி ரவைகள் இலக்குக்குச் சுமார் 9 செ.மீ. மேலே செல்லும். டிராப் போட்டியில் பறக்கும் களிமண் தட்டின் விட்டமே 11 செ.மீ.தான். ரவைக் கூட்டம் விரிந்து செல்வதால் தட்டு உடையலாம். ஆனால் கூட்டத்தின் நடுப்பகுதி அதன்மேல் படாது.

மூன்றாவது, பின்னுதைப்பு. 24 கிராம் ரவை வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால், உந்த அழிவின்மை விதிப்படி 4 கிலோ துப்பாக்கி வினாடிக்கு 2.4 மீட்டர் வேகத்தில் பின்னே வரும். வெடிவாயுவையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும். கட்டையின் அடிப்பரப்பு முழுவதும் தோளில் படிந்தால் இந்த விசை பரவிவிடும். நுனி மட்டும் பட்டால் பரப்பு குறையும், அழுத்தம் பெருகும், தோள் கன்றிப்போகும். அடுத்த முறை சுடும் முன்பே உடல் பயந்து சுளிக்கும். குறி தவற அது ஒன்றே போதும்.

இதைப் படைகளும் அறிந்திருந்தன. வங்காளத்தின் இச்சாப்பூரிலும் செய்யப்பட்ட புகழ்பெற்ற .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்குப் பல நீளங்களில் கட்டைகள் இருந்தன. சாதாரணக் கட்டையைவிட நீண்டது அரை அங்குலம் கூடுதல். குட்டையானது அரை அங்குலம் குறைவு. மிகக் குட்டையானது ஓர் அங்குலம் குறைவு.

இன்றைய போட்டி ரைஃபிள்களில் கன்னப்பலகை, அடித்தகடு முதலியவற்றைத் திருகிச் சரிசெய்யலாம். கடலூரில் 1999-இல் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகக் கோப்பையில் 10 மீட்டர் காற்று ரைஃபிள் பிரிவில் தங்கம் வென்றார். அந்தப் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான்! ஒவ்வொரு முறையும் கன்னமும் தோளும் அதே இடத்தில் படியாவிட்டால் இத்தகைய துல்லியம் எப்படிக் கைகூடும்?

இப்போது என் நண்பனுக்கு வருவோம். அவனுக்கு வேண்டியிருந்தது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் குட்டையான ஒரு கட்டை. அன்று அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் யாரும் அருகில் இல்லை. துப்பாக்கி மட்டுமா? வகுப்பறைப் பெஞ்சு, சைக்கிள் இருக்கை, தறி, மண்வெட்டிப் பிடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒருவரால் முடியவில்லை என்று தீர்ப்புச் சொல்லும் முன், கருவி அவருக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பார்ப்பதே அறிவியல் முறை.