உஷார்! கடல்மீன் தொட்டிக்குக் கண்ணாடி மூடியா?

வெயில் ஏறிவிட்டது. வீட்டில் உப்புத்தண்ணித் தொட்டி வைத்திருப்பவர்கள் முதல் வேலையாக அதன் தலையைப் பாருங்கள். முழுக் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறதா? இப்போதே நாலு விரல் தள்ளி வையுங்கள். மிச்சத்தை அப்புறம் பேசுவோம்.

நான் பட்டுத்தான் சொல்கிறேன். என் தொட்டியில் ஒரு ஃபயர்ஃபிஷ் இருந்தது. விரல் நீளம், முன்பாதி வெள்ளை, பின்பாதி சிவப்பு. பயந்தால் மேலே தாவுவது அதற்குக் கைவந்த வித்தை. ஒரு ராத்திரி யாரோ ஹால் லைட்டைப் பட்டென்று போட, காலையில் சோபா அடியில் கருவாடாகக் கிடந்தது. ஆத்திரத்தில் அன்றைக்கே 5 மி.மீ. கண்ணாடி அறுத்து வந்து மூடினேன். “தூசி விழாது, தண்ணியும் குறையாது சார்” என்றார் கண்ணாடிக் கடைக்காரர். உண்மைதான். வம்பே அதில்தான்.

தண்ணி ஆவியாகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது. 200 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 3 டிகிரி அளவு சூடு வெளியேறும். மூடி போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். விளக்கும் மோட்டாரும் தரும் சூடு உள்ளேயே சுற்றும். ‘கோல்டுஃபிஷ் தொட்டியை மூடித்தானே வைத்திருந்தோம்’ என்று கேட்காதீர்கள். நல்ல தண்ணியைவிட உப்புத்தண்ணியில் கரையும் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூடு ஏற ஏற அதுவும் குறையும். காற்று மாறாவிட்டால் கரியமில வாயு தங்கி, பி.எச். 8-க்குக் கீழே சரியும்.

மூடி போட்ட மூன்றாவது வாரம், மே மாத மத்தியானம். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. வீட்டுக்குள் நுழைந்தால், கண்ணாடியின் அடிப்பக்கம் இட்லிப்பானை மூடி மாதிரி முத்து முத்தாக நீர். தெர்மாமீட்டரில் 32. தொட்டியிலிருந்த இரண்டு நீமோ மீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கண்ணாடியைத் தூக்கி எறியாத குறையாக எடுத்து வைத்துவிட்டு, குவளையில் தொட்டித் தண்ணியை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். அரைமணி நேரம். நீமோக்கள் பிழைத்தன. அடியில் கிடந்த கோபி மீன் பிழைக்கவில்லை.

இன்னொன்று. மூடியில் தெறித்த நீர் காய்ந்து உப்பு பூத்துவிடும், வெளிச்சம் மங்கும். அந்த உப்பு ஈரம் விளக்கின் ஒயரில் இறங்கினால் ஷாக் அடிக்கும்.

அதற்காகத் திறந்துபோட்டுவிடாதீர்கள், மீன் தாவிவிடும்! தண்ணி குறைவதையும் கவனியுங்கள். ஆவியாவது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே இருக்கும். 100 லிட்டரில் 10 லிட்டர் குறைந்தால் லிட்டருக்கு 35 கிராம் உப்பு 39 ஆகிவிடும். தொட்டியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, தினமும் அதுவரை ஆர்.ஓ. தண்ணி மட்டும் ஊற்றுங்கள். குறைந்த தண்ணிக்கு உப்புத்தண்ணி ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். தொட்டி இருக்கும் அறையில் கொசு லிக்விட் மெஷினும் வேண்டாம். அதிலுள்ள பைரித்ராய்டு மீனுக்கு விஷம். மூடி இருந்தாலும் ஏர் பம்ப் அந்தக் காற்றைத்தான் உறிஞ்சும்.

போட வேண்டியது வலை மூடி. கால் அங்குலக் கண் உள்ள வெள்ளை நைலான் வலையைப் பிரேமில் இழுத்துக் கட்டுங்கள். இரும்பும் செம்பும் கூடாது. ஒன்று துருப்பிடிக்கும், இன்னொன்று இறால், நத்தை, பவளத்தைக் கொல்லும். ஒயரும் பைப்பும் போகும் ஓட்டையையும் அடையுங்கள், மீன் அதைத்தான் தேடிப் பிடிக்கும்.

வலை போட்ட பிறகு புதிதாக ஒரு ஃபயர்ஃபிஷ் வாங்கினேன். நாலாம் நாள் ராத்திரி இரண்டரைக்கு ‘டப்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய் டார்ச் அடித்தேன். வலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மீன் தண்ணிக்குள், கல் இடுக்கில்.