மின்சார வண்டியும் நிலக்கரிப் புகையும்

பெட்ரோல் வண்டியை விடுத்து மின்சார வண்டிக்கு மாறுமாறு எடுத்துரைக்கும் களப்பணியாளரிடம் மக்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்திய மின் உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிலக்கரியை எரித்தே பெறப்படுகிறது. அவ்வாறிருக்க, புகையானது தெருவைவிட்டு மின் நிலையத்திற்கு இடம் மாறுகிறதேயன்றிக் குறைகிறதா என்பதே அது. கேள்வி நியாயமானது, கணக்கிட்டே விடை காணவேண்டும்.

பெட்ரோல் இயந்திரத்தில், எரிபொருளின் சக்தியில் ஏறத்தாழக் கால் பங்கே சக்கரங்களைச் சுழற்றுகிறது. எஞ்சியது உஷ்ணமாக வெளியேறிவிடும். மின்சார மோட்டாரோ தான் பெறும் சக்தியில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கை இயக்கமாக மாற்றுகிறது. வேகம் குறையும்போது அதே மோட்டார் டைனமோவாக வேலை செய்து, பாட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அளிக்கிறது. டைனமோ பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஆயினும் அனல் மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது என்பதை மறத்தலாகாது.

இனி ஒரு ஸ்கூட்டரைக் கொள்வோம். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோகிராம் கரியமில வாயு உண்டாகும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டியானால், கிலோமீட்டருக்கு 51 கிராம். மின்சார ஸ்கூட்டர் 1 யூனிட்டில் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும். கம்பிகளில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய, வீட்டில் பெறும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மின் நிலையம் சுமார் 1.2 யூனிட் அனுப்பவேண்டும். நாட்டின் எல்லா மின் நிலையங்களையும் சேர்த்துப் பார்த்தால், யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே கிலோமீட்டருக்கு 28 கிராம். மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்தே வந்தாலும், யூனிட்டுக்கு 1 கிலோகிராம் எனக் கொண்டு 40 கிராமே ஆகிறது. ஸ்கூட்டரைப் பொறுத்தமட்டில் ஐயத்திற்கு இடமில்லை.

கார் விஷயம் அவ்வளவு எளிதன்று. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 153 கிராம் வெளியிடும். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் மின்சாரக் காருக்குச் சராசரி மின்சாரத்தில் 120 கிராம். நிலக்கரி மின்சாரம் மட்டுமெனில் 171 கிராம்! இலாபம் நஷ்டமாகிவிடுகிறது. இதற்குப் பெருங்காரணம் எடையே. 1 கிலோகிராம் பெட்ரோலில் சுமார் 12 யூனிட் சக்தி அடங்கியிருக்க, 1 கிலோகிராம் லிதியம் பாட்டரியில் அடங்குவது 0.2 யூனிட்டுக்கும் குறைவு. ஆதலால் நெடுந்தூரம் ஓடவேண்டிய கார் பல நூறு கிலோகிராம் பாட்டரியைச் சுமக்க நேர்கிறது. அப்பாட்டரியைச் செய்வதிலும் கணிசமான கரியமில வாயு வெளியாகிறது. அதனை ஈடுகட்டவே கார் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடியாகவேண்டும். தெருவிலுள்ளோர் புகையைச் சுவாசியாதிருத்தல் தனி நன்மை. அது எந்த மின்சார வண்டிக்கும் பொருந்தும்.

மின்சார வண்டிகளுக்கு மத்திய அரசின் உதவித் திட்டம் 2015இல் தொடங்கிற்று; 2019இல் அவற்றின் மீதான சரக்கு சேவை வரி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எனினும் வண்டி வாங்கச் செய்வதோடு பணி முடிந்துவிடாது. சூரிய மின்சாரம் நண்பகலில் மிகுதி. வீடுகளில் பாட்டரிக்கு மின்னேற்றுவதோ பெரும்பாலும் இரவில், அனல் மின் நிலையங்களே பெரும்பளுவைத் தாங்கும் வேளையில். சூரிய ஒளி கிடைக்கும் மணி நேரங்களில் கட்டணத்தை 10 முதல் 20 சதவீதம் குறைக்க 2023ஆம் ஆண்டு விதிகள் வகை செய்துள்ளன. ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடங்களுக்கே இது பொருந்தும். பள்ளி, அலுவலகம், சந்தை ஆகிய இடங்களில் வண்டிகள் பகல் முழுதும் சும்மாவே நிற்கின்றன. மின்னேற்றும் வசதி முதலில் அமையவேண்டியது அங்கேதான்.