உங்களுக்குத் தெரியுமா? அண்ணனூர் காணாமல் போகும், பி.எச்.பி. வாயே திறக்காது!

பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அண்ணனூர் என நான்கு ரயில் நிலையங்களை பி.எச்.பி. நிரல்மொழியின் ஓர் அரேயில் வையுங்கள். ஃபார்ஈச்சில் மாறிக்கு முன் & போட்டு ஒருமுறை சுற்றுங்கள். அதே மாறியை வைத்து, & இல்லாமல் மறுபடி சுற்றுங்கள். இப்போது பட்டியலில் திருமுல்லைவாயில் இரண்டு முறை இருக்கும், அண்ணனூர் இருக்காது. எச்சரிக்கை ஒன்றுகூட வராது. முதல் சுற்று முடிந்தும் அந்த மாறி கடைசி உறுப்போடு ஒட்டிக்கொண்டே இருப்பதுதான் காரணம். இரண்டாம் சுற்று ஒவ்வொரு பெயரையும் அந்தக் கடைசி உறுப்பின் மேலேயே எழுதிவிடுகிறது. முதல் சுற்று முடிந்ததும் மாறியை அன்செட் செய்தால் தீர்ந்தது.

ஆக, சத்தம் போடும் பிழையைவிடச் சத்தம் போடாத பிழையே ஆபத்து. ஃபார்ஈச்சில் அரே இருக்க வேண்டிய இடத்தில் நல் (null) வந்தால், பி.எச்.பி. குறைந்தபட்சம் எச்சரித்துவிட்டுத்தான் சுற்றைத் தாண்டுகிறது. அரேயில் இல்லாத கீயைத் தொடுவதை, 2020 நவம்பரில் வந்த 8.0 பதிப்பு ‘நோட்டீஸ்’ நிலையிலிருந்து ‘வார்னிங்’ நிலைக்கு உயர்த்தியது. நல்ல முடிவு. இணையதளத்துக்கு வருபவர் கண்ணில் இந்த எச்சரிக்கைகளெல்லாம் படலாமா என்பீர்கள். கூடாதுதான், அதற்குத் திரையில் காட்டுவதை மட்டும் அணைத்து, லாக்கில் எழுத வைத்தால் போதும். @ குறியைப் போட்டு வாயடைத்தால், வழக்கமாக லாக்கிலும் எதுவும் பதிவாகாது.